தலைவரும் தலைவரியும்: ஆளை மாற்றினால் ஓட்டு மாறுமா?

1990 நவம்பர் 20 மாலை. பாரிஸில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தின் வாசலில் பிபிசி நிருபர் ஜான் சார்ஜன்ட் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். பிரதமர் இப்போதைக்கு வெளியே வரமாட்டார் என்கிற தொனியில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. மார்கரெட் தாட்சர் படியிறங்கி வந்து, இரண்டாம் சுற்றிலும் தான் போட்டியிடப்போவதாக அறிவித்துவிட்டுப் போனார்.

அன்று லண்டனில் அவருடைய சொந்தக் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி.க்கள், யார் தலைவர் என்று வாக்களித்திருந்தார்கள். தாட்சருக்கு 204, எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. அதிக ஓட்டு அவருக்குத்தான். ஆனால் முதல் சுற்றிலேயே முடிய வேண்டுமென்றால் கட்சியின் 372 எம்.பி.க்களில் 15 சதவீதம், அதாவது 56 ஓட்டு வித்தியாசம் வேண்டும் என்பது அன்றைய விதி. கிடைத்தது 52. ஹெசல்டைன் பக்கம் போனவர்களில் இரண்டே பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். மறுநாள் அமைச்சர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்து, உங்களோடு நாங்கள் இருக்கிறோம், ஆனால் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள் என்ற பொருளில் பேசிவிட்டு வந்தார்கள். 22ஆம் தேதி காலையில் அவர் விலகலை அறிவித்தார்; பதினோரு ஆண்டு ஆட்சி முடிவுக்கு வந்தது.

மூன்று பொதுத்தேர்தல்களை வென்று கொடுத்தவரை அவருடைய கட்சியே ஏன் இறக்கியது என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். ஐரோப்பா பற்றிய சண்டை, துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ்வின் ராஜினாமா உரை, அமைச்சரவையில் யார் பேச்சையும் கேட்காத போக்கு. எல்லாம் உண்மைதான். ஆனால் சில ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து வந்திருந்த ஒரு சாதாரண எம்.பி.க்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அவர் கையில் இருந்தது செய்தித்தாள். அதில் கருத்துக்கணிப்பு இருந்தது. தாட்சர் தலைவராக நீடித்தால் எதிர்க்கட்சியான தொழிற்கட்சி முன்னால் நிற்கிறது; ஹெசல்டைன் தலைவரானால் கன்சர்வேட்டிவ் கட்சி முந்துகிறது. தன் தொகுதி பிழைக்குமா என்று பார்ப்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிரிட்டனில் ஒரு கட்சித் தலைவரின் நாற்காலி ஆடத் தொடங்கினால் உடனே இந்த வகைக் கணிப்பு வந்துவிடும். ‘இவருக்குப் பதில் அவர் இருந்தால் நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்?’ அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, உண்மையிலேயே தலைவர் மாறியபோது ஓட்டு என்ன ஆனது என்று பார்ப்பதற்கு 1990 நல்ல தொடக்கம். ஏனென்றால் அந்தக் கதையின் அடுத்த சில நாள்கள்தான் சுவாரஸ்யமானவை.

தாட்சர் விலகியதும் இரண்டாம் சுற்றில் ஹெசல்டைனோடு ஜான் மேஜரும் டக்ளஸ் ஹர்டும் இறங்கினார்கள். மேஜர் நிதியமைச்சராகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு மூன்று மாதம் வெளியுறவு அமைச்சர். ஹெசல்டைனைப்போல் தெருவில் போகிறவர்கள் அடையாளம் கண்டுகொள்கிற முகம் அல்ல. வாரக்கடைசியில் புதிய கணிப்புகள் வந்தன. மேஜர் தலைவரானாலும் கட்சி ஏறக்குறைய அதே அளவுக்கு முன்னேறும் என்றன அவை. ஹெசல்டைன் கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டு அதோடு செல்லாததாகிவிட்டது. 27ஆம் தேதி மேஜருக்கு 185, ஹெசல்டைனுக்கு 131, ஹர்டுக்கு 56. மறுநாள் மேஜர் பிரதமர்.

இந்த இரண்டு கணிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளாக நாடறிந்த ஹெசல்டைனுக்கும், பாதிப் பேர் சரியாகக் கவனித்திராத மேஜருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். அப்படியானால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் ஹெசல்டைனைப் பற்றியோ மேஜரைப் பற்றியோ பேசவே இல்லை. தாட்சரைப் பற்றித்தான் பேசினார்கள்.

கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்த்தால் இதில் வியப்பில்லை. பிரிட்டனில் வழக்கமான வாக்கு நோக்கக் கேள்வி எளிமையானது: நாளை பொதுத்தேர்தல் நடந்தால் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள்? அதில் தலைவர் பெயர் வராது. உண்மையான வாக்குச்சீட்டிலும் வராது. வாக்குச்சாவடியில் கயிற்றில் கட்டிய பென்சிலை எடுத்து வாக்காளர் பெருக்கல் குறி போடுவது தன் தொகுதி வேட்பாளர் பெயருக்கும் கட்சிச் சின்னத்துக்கும் எதிரே. பிரதமர் யார் என்பதை அவர் மனத்தில் வைத்துக்கொண்டு போடலாம், வைக்காமலும் போடலாம். ஆனால் ‘இன்னார் தலைவரானால்’ என்று கேட்டுவிட்டால், கேள்வியே தலைவரைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறது. மருத்துவமனைக் காத்திருப்பு, வீட்டு வாடகை, ஊர்ப் பிரச்சினை எல்லாம் பின்னால் போய்விடும். அதனால்தான் கவனமாகச் செய்கிற நிறுவனங்கள் இரண்டு முறை கேட்கும்: இப்போதைய தலைவர்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லி ஒரு முறை, ஒரு பெயரை மட்டும் மாற்றி இன்னொரு முறை. இந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். பெயரில்லாத வழக்கமான கேள்வியின் விடையோடு பெயர் வைத்த கேள்வியின் விடையை ஒப்பிட்டுத் தலைப்புப் போடும் செய்திகளை நான் நம்புவதில்லை.

இன்னொன்று, ‘தெரியாது’ என்பவர்கள். கணிப்பு முடிவு சதவீதமாக நம் முன் வரும்போது அவர்களைக் கழித்துவிட்டுத்தான் பெரும்பாலும் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆளுங்கட்சி செல்வாக்கு இழக்கும்போது அதன் பழைய வாக்காளர்கள் எல்லாரும் எதிரணிக்கு ஓடிவிடுவதில்லை. ஒரு பெரிய கூட்டம் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்ளும். புதுத் தலைவர் வந்ததும் வருகிற ஏற்றத்தில் கணிசமான பங்கு இவர்கள் எழுந்து வீட்டுக்குள் வருவதுதான். எதிரணியிலிருந்து யாரும் வராமலேயே கட்சி நான்கைந்து புள்ளி ஏறிவிடலாம். அது உண்மையான ஏற்றம்தான், ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. அப்புறம், ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒரு கட்சியின் எண்ணிக்கை மூன்று புள்ளி இப்படியும் அப்படியும் போகும். இரு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசம் அதைவிட அதிகமாக ஆடும். ஒரே ஒரு கணிப்பில் ‘இவர் வந்தால் 2 புள்ளி கூடும்’ என்று வந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சரி, மேஜருக்குத் திரும்புவோம். அவர் வந்ததும் கணிப்புகள் சொன்னது நடந்தது. 1990 வசந்தத்தில் 20 புள்ளிக்கு மேல் முன்னால் போயிருந்த தொழிற்கட்சியை டிசம்பரில் கன்சர்வேட்டிவ் கட்சி முந்தியது. ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியது, அதுவும் புதுப் பிரதமருக்குக் கைகொடுத்தது. ஆனால் 1991 மார்ச் 7 அன்று வடமேற்கு இங்கிலாந்தில் ரிபிள் வேலி என்ற தொகுதியில் இடைத்தேர்தல். 19,000க்கு மேல் ஓட்டு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி வைத்திருந்த கோட்டை. புதுத் தலைவர், போரில் வெற்றி, கணிப்புகளில் நல்ல நிலை, எல்லாம் இருந்தும் லிபரல் டெமாக்ரட் கட்சியிடம் அந்த இடம் போனது.

காரணம் தலைவரி. ‘போல் டாக்ஸ்’ என்று உலகம் அறிந்த அந்த வரிக்கு நம் மொழியில் பழைய பெயர் தயாராக இருக்கிறது. உள்ளாட்சிச் செலவுக்காக வீட்டு மதிப்பைப் பார்த்து வாங்கிவந்த வரியை எடுத்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று தலையை எண்ணி வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 1989, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஏப்ரல். மாளிகையில் இருக்கும் பிரபுவுக்கும் அவர் வீட்டுக் குப்பை அள்ளுகிறவருக்கும் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே நடந்தது. தாட்சரை மக்கள் வெறுத்ததில் பெரும்பங்கு இந்த ரசீதுக்கு உண்டு. தலைவர் போய்விட்டார், ஆனால் மாதாமாதம் அதே ரசீது வந்துகொண்டிருந்தது. ரிபிள் வேலிக்காரர்கள் அதற்குத்தான் பதில் சொன்னார்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் அரசு இறங்கி வந்தது. மார்ச் 19 பட்ஜெட்டில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 17.5ஆக உயர்த்தி, அந்தப் பணத்தை வைத்துத் தலைவரியில் ஆளுக்கு 140 பவுண்டு குறைத்தார்கள். மார்ச் 21 அன்று, வரியையே ஒழிக்கப்போகிறோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தது வேறு யாருமல்ல, மேஜர் அமைச்சரவையில் சுற்றுச்சூழல் துறைக்கு வந்திருந்த ஹெசல்டைன். 1992 ஏப்ரல் 9 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 41.9 சதவீதம், 1 கோடியே 40 லட்சம் வாக்கு, 21 இடப் பெரும்பான்மை. அன்று காலை வரை கணிப்புகள் தொங்கு நாடாளுமன்றம் என்றே சொல்லிக்கொண்டிருந்தன என்பது தனிக் கதை.

என் வாதம் இந்த இரண்டு மார்ச் மாதச் சம்பவங்களுக்கு நடுவில் இருக்கிறது. தலைவர் மாறினால் மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஓட்டு விழ வேண்டுமென்றால், எது அவர்களை உறுத்திக்கொண்டிருந்ததோ அதையும் பழைய தலைவரோடு சேர்த்து மூட்டைகட்டி வெளியே போட வேண்டும். போட முடிகிற பொருளாகவும் அது இருக்க வேண்டும். தலைவரும் போய்த் தலைவரியும் போனதால்தான் மேஜருக்கு அது பலித்தது.

இதற்கு நேரெதிர்ப் பாடம் 2007. தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேர் விலகி கோர்டன் பிரவுன் வரப்போகிறார் என்பது ஆண்டுக்கணக்கில் தெரிந்த விஷயம். அதனால் ‘பிரவுன் தலைவரானால்’ என்ற கேள்வியும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. பிரவுன் பெயரைச் சொன்னதும் எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரனின் முன்னிலை கூடவே செய்தது, குறையவில்லை. ஜூன் 27 அன்று பிரவுன் பிரதமரானார். இரண்டே நாளில் லண்டனில் வெடிகுண்டு வைத்த கார்கள் கண்டுபிடிக்கப்பட்டன, மறுநாள் கிளாஸ்கோ விமான நிலையத் தாக்குதல். ஜூலையில் வெள்ளம், ஆகஸ்டில் மாடுகளுக்குக் கோமாரி நோய். ஒவ்வொன்றிலும் பிரவுன் முகத்தில் சிரிப்பில்லாமல், அலட்டிக்கொள்ளாமல் வேலை பார்ப்பவராகத் தெரிந்தார். பிளேரின் மினுமினுப்பில் சலித்துப்போயிருந்தவர்களுக்கு அதுவே பிடித்தது. கணிப்புகளின் எச்சரிக்கைக்கு மாறாகத் தொழிற்கட்சி ஏறியது, செப்டம்பர் கடைசியில் சில கணிப்புகளில் 10 புள்ளி அளவுக்கு முன்னால் போனது.

உடனே தேர்தல் வைத்துவிடலாம் என்று பிரவுனின் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள், அவர் மறுக்கவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் கன்சர்வேட்டிவ் மாநாடு. வாரிசுச் சொத்து வரியின் வரம்பைப் பத்து லட்சம் பவுண்டாக உயர்த்துவோம் என்றார் அக்கட்சியின் நிதித்துறைப் பேச்சாளர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். ஒரே வாரத்தில் முன்னிலை கரைந்தது. அக்டோபர் 6 அன்று தேர்தல் இல்லை என்றார் பிரவுன். கணிப்புகளைப் பார்த்து முடிவு செய்யவில்லை என்று வேறு சொன்னார், யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவரால் எழவே முடியவில்லை. 2010இல் தொழிற்கட்சிக்கு 29 சதவீதம், 258 இடம்.

கோடையில் பிரவுனைப் பிடித்திருந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பழைய ஆட்சியின் மறுபாதி. பத்து ஆண்டு நிதியமைச்சராக இருந்தவர் எதைத் தூக்கி வெளியே போடுவார்? போட்டால் அது அவர் கையெழுத்திட்டதாக இருக்கும்.

தலைவரின் செல்வாக்கும் கட்சியின் ஓட்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1945இல் சர்ச்சிலின் செயல்பாட்டை 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பாராட்டினார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சிக்கு 393 இடம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1979இல் யார் நல்ல பிரதமர் என்ற கேள்வியில் அப்போது பதவியில் இருந்த ஜேம்ஸ் காலகன் தாட்சரைவிட முன்னால் இருந்தார். குளிர்கால வேலைநிறுத்தங்களில் அள்ளப்படாத குப்பை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இப்படிச் சொல்வதால் கற்பனைக் கேள்விகள் எப்போதும் பொய்க்கும் என்று அர்த்தமில்லை. 2019இல் அவை பலித்தன. அந்த மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி 9 சதவீதம் வாங்கி ஐந்தாம் இடத்துக்குப் போனது. நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி 30 சதவீதத்துக்கு மேல் வாங்கி முதலிடம். பிரதமர் தெரசா மே கண்ணீரோடு விலகலை அறிவித்தார். போரிஸ் ஜான்சன் தலைவரானால் கட்சி மீளும் என்று ஜூன் மாதக் கணிப்புகள் சொல்லின. ஜூலை 24 அன்று அவர் வந்தார், சில வாரங்களில் கட்சி இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதைத் தாண்டியது, டிசம்பர் 12 தேர்தலில் 43.6 சதவீதம், 365 இடம்.

இங்கே கற்பனைக் கேள்வி ஏன் சரியாக வந்தது? கேட்கப்பட்ட பெயரை எல்லாருக்கும் தெரியும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். போன ஓட்டு எங்கே போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது என்பதும் தெரியும்: ஃபராஜிடம், பிரெக்ஸிட் இழுபறியால். புதியவர் எதைத் தூக்கிப் போடப்போகிறார் என்பதையும் வந்த அன்றே சொல்லிவிட்டார். அக்டோபர் 31க்குள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவோம் என்றார். அந்தத் தேதி தவறியது, ஆனால் தவறியதற்குக் காரணம் நாடாளுமன்றம் என்று அவரால் கைகாட்ட முடிந்தது. போதாததற்கு, கன்சர்வேட்டிவ் கட்சி முன்பு வென்றிருந்த 317 தொகுதிகளில் ஃபராஜே தன் வேட்பாளர்களை நிறுத்தவில்லை. இத்தனை காரணங்களும் ஒன்றாகக் கூடிவருவது அபூர்வம்.

அதே கட்சி மூன்றாண்டு கழித்து அதே மருந்தை மறுபடி குடித்தது. ஜான்சன் மீது ஊரடங்குக் கால விருந்துகளின் கறை படிந்திருந்தது. புதியவரைத் தேர்ந்தெடுக்கும் கடைசி வார்த்தை சுமார் 1,72,000 கட்சி உறுப்பினர்களுடையது. எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் டிரஸுக்கு 113. உறுப்பினர்கள் 57 சதவீத வாக்குகளோடு டிரஸைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் மாற்றம் பற்றிய கணிப்புகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. கேள்வி கேட்கப்படுவது பொதுமக்களிடம். ஆளைப் பொறுக்குவது எம்.பி.க்களும் கட்சிக்காரர்களும். இவர்களுடைய ருசி வேறு.

2022 செப்டம்பர் 6 அன்று டிரஸ் பிரதமரானார். 8ஆம் தேதி அரசி எலிசபெத் காலமானார், அரசியல் நின்றுபோனது. 23ஆம் தேதி நிதியமைச்சர் க்வாசி க்வார்ட்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்கு விழுந்தது. அரசுக் கடன்பத்திரங்களின் விலை சரிய, ஓய்வூதிய நிதியங்கள் தடுமாற, 28ஆம் தேதி மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டியதாயிற்று. வங்கிகள் வீட்டுக்கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன, புதிதாக வந்தவற்றில் இரண்டாண்டு நிலைவட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது. செப்டம்பர் கடைசியில் யூகவ் எடுத்த கணிப்பில் தொழிற்கட்சியின் முன்னிலை 33 புள்ளி. ஒரு தலைவர் மாற்றம் வாக்கு நோக்கத்தை எவ்வளவு வேகமாக மாற்றும் என்று கேட்டால் இதுதான் சாதனை, திசை மட்டும் தலைகீழ்.

அக்டோபர் 25 அன்று சுனக் வந்தார். கட்சியைவிட அவருக்கு நற்பெயர் அதிகம், அதை எல்லாக் கணிப்பும் காட்டின. 30 புள்ளிப் பள்ளம் 20 அளவுக்குச் சுருங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. 2024 ஜூலை 4 அன்று 23.7 சதவீதம், 121 இடம். க்வார்ட்டெங்கின் வரிக்குறைப்புகளில் பெரும்பாலானவை சுனக் வருவதற்கு முன்பே தூக்கிப் போடப்பட்டிருந்தன. டிரஸ் புதிதாக நியமித்த நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் அக்டோபர் 17 அன்றே அதைச் செய்துவிட்டார். ஆனால் 2 சதவீத வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனின் தவணைக்காலம் முடிந்து 5, 6 சதவீதத்துக்கு மாறுகிற குடும்பத்துக்கு வங்கியிலிருந்து வரும் கடிதத்தைச் சுனக்கால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் கடிதங்கள் ஒரே நாளில் வரவில்லை. 2023 முழுக்க, 2024 முழுக்க, வீடு வீடாக வந்துகொண்டேயிருந்தன. தலைவரி ரசீதைப்போல.

எதிர்க்கட்சியில் தலைவர் மாறுவது வேறு கணக்கு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கட்சித் தலைவர் எதையும் ரத்து செய்ய முடியாது, எனவே அவருக்குக் கிடைப்பது ‘கேட்டுப் பார்க்கலாம்’ என்ற வாய்ப்பு மட்டுமே. 2003 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் தங்கள் தலைவர் இயன் டங்கன் ஸ்மித்தை 90க்கு 75 என்று வாக்களித்து இறக்கி மைக்கேல் ஹோவர்டைக் கொண்டுவந்தார்கள். கட்சி ஒழுங்குக்கு வந்தது, 2001இல் 31.7 சதவீதமாக இருந்த ஓட்டு 2005இல் 32.4 ஆனது. அவ்வளவுதான். 2024 நவம்பரில் அதே கட்சிக்குத் தலைவராகக் கெமி படேனாக் வந்தபோது அந்தளவுகூடத் தெரியவில்லை.

சிறிய கட்சிகளில்தான் ஒரு ஆள் பெரிய வித்தியாசம் செய்கிறார். 2024 ஜூன் 3 அன்று, தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், ரிச்சர்ட் டைஸிடமிருந்து ரிஃபார்ம் கட்சியின் தலைமையை ஃபராஜ் எடுத்துக்கொண்டார். கொள்கையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. சில நாள்களிலேயே கட்சி ஏறியது, 14.3 சதவீதத்தில் போய் முடிந்தது. 2025 செப்டம்பரில் சாக் பொலான்ஸ்கி பசுமைக் கட்சித் தலைவரானதும் அதேபோல ஓர் ஏற்றம். இப்படிப்பட்ட கட்சிகளின் முதல் பிரச்சினை வெறுப்பு அல்ல, யாருக்கும் கண்ணில் படாமல் இருப்பது. அதைத் தீர்க்க ஒரு முகம் போதும்.

ஏறுகிற ஓட்டு எங்கே ஏறுகிறது என்பதும் உண்டு. 2017 ஏப்ரலில் 20 புள்ளி முன்னிலையில் தேர்தலை அறிவித்த தெரசா மே, ஜூனில் 42.4 சதவீதம் வாங்கினார். தாட்சர் 1987இல் வாங்கியதைவிட அதிகம். ஆனாலும் பெரும்பான்மையை இழந்தார், ஏனென்றால் எதிரே தொழிற்கட்சியும் 40 சதவீதம் வாங்கியிருந்தது. 2024இல் தொழிற்கட்சி வெறும் 33.7 சதவீதத்தில் 411 இடம் பிடித்தது. தொகுதியில் யார் முதலோ அவருக்கே இடம் என்ற முறையில், ஐந்து கட்சிகள் ஓட்டைப் பங்குபோடும்போது, நான்கு புள்ளி ஏற்றம் நூறு இடத்தையும் கொண்டுவரலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். ரிஃபார்மிடமிருந்து வருகிறதா, பசுமைக் கட்சியிடமிருந்து வருகிறதா, திண்ணைக்காரர்களா என்று பிரித்துப் பார்க்காத கணிப்பு பாதிக் கதைதான். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன்: காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு பிரிட்டனில் முறைப்படி வசிப்பவர்களும் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ அந்தத் திண்ணையில் நம் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி மறுபடி சூடுபிடித்தது 2025 செப்டம்பரில். தொழிற்கட்சிப் பிரதமர் கியர் ஸ்டாமரின் செயல்பாட்டில் திருப்தி என்றவர்கள் 13 சதவீதம், அதிருப்தி 79 என்று இப்ஸாஸ் சொன்னது. அந்த நிறுவனம் 1970களிலிருந்து கேட்டுவரும் கேள்வியில் அதுவரை எந்தப் பிரதமரும் அவ்வளவு கீழே போனதில்லை. தொழிற்கட்சி மாநாட்டுக்குச் சற்று முன்னால் எல்லார் வாயிலும் ஆண்டி பர்னம் பெயர். அப்போது அவர் கிரேட்டர் மான்செஸ்டரின் மேயர், 2017இல் அந்தப் பதவிக்கு வந்தவர். 2010இலும் 2015இலும் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். அவரை நாடு கவனித்தது 2020 அக்டோபரில். கொரோனா கட்டுப்பாடுகளுக்கு ஈடாக அவர் 6.5 கோடி பவுண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் நின்று செய்தியாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் ஒரு கைப்பேசியை நீட்டினார். 2.2 கோடிதான் தருவார்களாம் என்று அதில் இருந்தது. கேமராக்களுக்கு முன்னால் அவர் முகம் மாறிய அந்தச் சில நொடிகள் அவருக்குச் செய்த விளம்பரத்தை எந்த நிறுவனமும் செய்திருக்க முடியாது.

அவர் தலைவரானால் தொழிற்கட்சி சற்று மேலே நிற்கும் என்று அப்போதைய கணிப்புகள் சொல்லின. மேஜருக்கும் ஹெசல்டைனுக்கும் ஒரே மதிப்பெண் வந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைப் படிப்பது நல்லது. போதாததற்குப் பர்னம் அப்போது எம்.பி.யே இல்லை. தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட எம்.பி.யாக இருக்க வேண்டும், கட்சி எம்.பி.க்களில் ஐந்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 80 பேர், கையெழுத்துப் போட வேண்டும்.

அதையெல்லாம் தாண்டி யாரோ ஒருவர் வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய தலைவரி எது? 2024 ஜூலையில் சுமார் ஒரு கோடி ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை நிறுத்தியதுதான் அரசு பெயரைக் கெடுத்துக்கொண்ட முதல் காரியம். ஆனால் அதை ஸ்டாமர் அரசே 2025 ஜூனில் பெருமளவு திருப்பிக் கொடுத்துவிட்டது. கணிப்புகள் அசையவில்லை. தலைவரியைத் தாட்சரே ரத்து செய்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படித்தான். ஆக, புதியவர் தூக்கிப் போட்டுப் பெயர் வாங்கியிருக்கக்கூடிய ஒரு பொருளைப் பழையவர் ஏற்கெனவே சும்மா செலவழித்துவிட்டார். மிச்சம் இருப்பவை கனமானவை. வருமான வரி, தேசியக் காப்பீடு, வாட் மூன்றையும் உயர்த்த மாட்டோம் என்ற தேர்தல் வாக்குறுதி. கடனுக்கு அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரம்பு.

பர்னம் அந்தச் செப்டம்பரில் இந்த இரண்டாவதில்தான் கைவைத்தார். கடன்பத்திரச் சந்தைக்கு இப்படி அடங்கிக் கிடக்கும் நிலையைத் தாண்டிப் போக வேண்டும் என்ற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். அவருடைய சொந்தக் கட்சியிலிருந்தே உடனே வந்த பதிலடியில் ஒரு பெயர் அடிபட்டது: லிஸ் டிரஸ்.